எந்திரம் தயார், கேஸ் எங்கே?

கமிஷனிங் வேலையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். கட்டி முடித்த மின் நிலையத்தை முதன்முதலில் ஓட வைத்து ஒப்படைப்பதுதான் எங்கள் பிழைப்பு. நிலக்கரி நிலையங்களிலும் இருந்திருக்கிறேன், எரிவாயு நிலையங்களிலும் இருந்திருக்கிறேன். இரண்டில் எது கட்டுவதற்கு லேசு என்று கேட்டால் யோசிக்காமல் எரிவாயு என்பேன். நிலக்கரி கொட்டி வைக்க யார்டு வேண்டாம், அரைக்க மில் வேண்டாம், சாம்பல் குளம் வேண்டாம். நிலமும் குறைவு, தண்ணீரும் குறைவு. டர்பைன் தொழிற்சாலையிலேயே கோக்கப்பட்டு கப்பலில் வந்து இறங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டரை மூன்று வருடத்தில் கம்பியில் கரன்ட் ஏறிவிடும்.

இவ்வளவு லேசாகக் கட்டக்கூடிய நிலையங்கள்தான் நம் நாட்டில் அதிகமாகச் சும்மா கிடந்தன, இன்னும் கிடக்கின்றன. சுமார் 25,000 மெகாவாட் அளவுக்கு எரிவாயு நிலையங்களைக் கட்டினோம். 2015 வாக்கில் அதில் 14,000 மெகாவாட்டுக்கு மேல் ஒரு சொட்டு கேஸ்கூட வராமல் நின்றுகொண்டிருந்தது. எந்திரத்தில் கோளாறு இல்லை, ஆள் பற்றாக்குறையும் இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். பெரிய எரிவாயு நிலையம் உருவாவது என்றாலே எல்லோரும் டர்பைனையும் புகைபோக்கியையும்தான் நினைக்கிறார்கள். அதன் தலையெழுத்து அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே, ஒரு மேஜைமேல் விரித்த தாள்களில் எழுதப்பட்டு முடிந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள மகாராஷ்டிரத்தின் தாபோல் மின் நிலையத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேஸ் டர்பைன் என்பது அடிப்படையில் விமான எஞ்சினின் அண்ணன். முன்பக்கம் ஒரு கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சிப் பதினைந்து இருபது மடங்கு அழுத்தும். அழுத்திய காற்றில் எரிவாயு எரியும். 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வாயு டர்பைனின் பிளேடுகளைத் தள்ளிச் சுழற்றும். கிடைக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கம்ப்ரசருக்கே போய்விடும், மீதிதான் ஜெனரேட்டருக்கு. 1939-ல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெலில் ஓடத் தொடங்கிய முதல் கேஸ் டர்பைன் மின் நிலையம் 4 மெகாவாட்தான். எரித்த எரிபொருளில் 17 சதவீதம் சொச்சத்தை மட்டுமே அது மின்சாரமாக்கியது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கதையை மாற்றியது பின்பக்கத்துச் சூடு. டர்பைனைவிட்டு வெளியேறும் வாயு இன்னும் 600 டிகிரி சூட்டில் இருக்கும். அதை அப்படியே வானத்துக்கு விடாமல் ஒரு பாய்லருக்குள் விட்டு நீராவி எடுத்து, அதில் இன்னொரு டர்பைனை ஓட்டினால் கூடுதலாக ஒரு காசு எரிபொருள் செலவில்லாமல் உற்பத்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். கம்பைன்ட் சைக்கிள் என்பது இதுதான். 2016-ல் பிரான்சின் பூஷேன் நிலையம் 62.22 சதவீதத் திறனைத் தொட்டது. நம்மூரின் பழைய நிலக்கரி யூனிட்டுகள் 35 சதவீதத்தைத் தாண்டவே மூச்சு வாங்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும் நிலக்கரியில் வருவதில் பாதிக்கும் குறைவு. குழாயிலும் கிணற்றிலும் மீத்தேன் கசிந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பது வேறு விஷயம், ஆனால் அற்ப விஷயமில்லை.

ஆக, தொண்ணூறுகளில் இந்த எந்திரத்தைக் கண்டு உலகமே மயங்கியதில் ஆச்சரியம் இல்லை. நாங்களும்தான் மயங்கினோம்.

1991-ல் இந்தியாவின் கஜானா காலி. மின் வாரியங்களிடம் புதிய நிலையம் கட்டப் பணமில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் நூறு சதவீதம் சொந்த முதலீட்டில் மின் நிலையம் வைக்கலாம், போட்ட முதலுக்கு 16 சதவீத லாபம் உறுதி என்று மத்திய அரசு கதவைத் திறந்தது. எட்டுத் திட்டங்களை அவசரப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நெய்வேலியில் தனியார் கட்டிய 250 மெகாவாட் பழுப்பு நிலக்கரி நிலையமும் அதில் ஒன்று. எட்டிலும் பெரிது, அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், குஹாகர் பக்கம் கொங்கண் கடலோரத்தில் கட்ட வந்த தாபோல்.

1992 ஜூன் மாதம் என்ரான் ஆட்கள் இந்தியா வந்தார்கள். சில நாட்களுக்குள் மகாராஷ்டிர மின் வாரியத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையம். போட்டி டெண்டர் கிடையாது. எரிபொருள், கடல் கடந்து கப்பலில் வரும் திரவ எரிவாயு. கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும். அதைக் கப்பலில் கொண்டுவந்து கரையில் மறுபடி வாயுவாக்க வேண்டும். அன்றைக்கு இந்தியாவில் அதற்கான இறக்குமதி முனையம் ஒன்றுகூட இல்லை.

1993 ஏப்ரலில் உலக வங்கி இந்தத் திட்டத்துக்குக் கடன் தர மறுத்தது. இந்த மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட விலை அதிகம், இவ்வளவு பெரிய நிலையத்தை ராப்பகலாக ஓட்டும் அளவுக்கு மகாராஷ்டிரத்துக்குத் தேவையும் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன சாராம்சம். உலக வங்கியின் எல்லா அறிவுரையையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த ஒரு கடிதத்தை அன்று மதித்திருந்தால் பல ஆயிரம் கோடி மிஞ்சியிருக்கும். அதே வருடம் டிசம்பர் 8-ம் தேதி மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஒரே ஒரு ஏற்பாடு. நிலையம் ஓடத் தயாராக இருந்தால் போதும், வாரியம் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். இருபது வருடத்துக்கு. அதிலும் பெரும்பகுதி டாலர் கணக்கில்.

இது என்ன செய்யும் என்பதை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் கட்டம் 740 மெகாவாட். 90 சதவீதம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 48 கோடி யூனிட். நிலைக்கட்டணம் மாதம் 100 கோடி ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 48 கோடி யூனிட்டையும் எடுத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய் சொச்சம்தான் விழும். விலை அதிகம் என்று பயந்து வாரியம் 16 கோடி யூனிட் மட்டும் எடுத்தால் அதே 100 கோடி யூனிட்டுக்கு 6 ரூபாய் 25 காசாகிவிடும். எரிபொருள் செலவு தனி. விலை ஏறினால் வாங்குவது குறையும், வாங்குவது குறைந்தால் விலை இன்னும் ஏறும். தாபோலில் அப்படியே நடந்தது. ஒப்பந்தம் போட்டபோது டாலர் 31 ரூபாய், 2001-ல் 47 ரூபாய். முதல் கட்டம் கேஸ் வரும்வரை, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவில் ஓடியது, நாப்தா விலை கச்சா எண்ணெயோடு சேர்ந்து ஏறியது. ஒரு யூனிட் 7 ரூபாயைத் தாண்டிய மாதங்கள் உண்டு. வீட்டு இணைப்புக்கு வாரியம் வசூலித்ததெல்லாம் அதன் பக்கத்தில்கூட வராது.

அரசியல்வாதிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 1995 தேர்தலில் சிவசேனாவும் பாஜகவும் என்ரானைக் கடலில் தூக்கி எறிவோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். ஆட்சிக்கு வந்து ஆகஸ்ட் மாதம் திட்டத்தை ரத்தும் செய்தார்கள். அப்புறம் பேச்சுவார்த்தை நடந்தது. 1996 ஜனவரியில் இன்னும் பெரிய அளவில், மொத்தம் 2,184 மெகாவாட்டாக, அதே திட்டம் திரும்பி வந்தது. அந்த வருடம் மே மாதம் டெல்லியில் 13 நாள் மட்டும் இருந்த வாஜ்பாய் அரசு, மின் வாரியம் பணம் தராவிட்டால் மத்திய அரசு தரும் என்ற எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியது. ஆக, எல்லாக் கட்சிகளின் கைரேகையும் அந்தத் தாள்களில் இருக்கிறது.

அந்த மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிடப்படாதவர்கள் கடற்கரைக்காரர்கள். அஞ்சன்வேல், வெல்தூர் என்று வசிஷ்டி ஆற்று முகத்துவாரத்தில் மீனையும் மாந்தோப்பையும் நம்பி வாழ்ந்த ஊர்கள். சூடான கழிவுநீர் கடலில் கலந்தால் மீன் என்னாகும், எடுத்த நிலத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று மாநில அரசு தடை உத்தரவு போட்டது. 1997 ஜூன் 3 விடியற்காலையில் வெல்தூர் மீனவர் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்தது. ஆண்கள் பலர் கடலுக்குப் போயிருந்த நேரம், பெண்களைத்தான் அடித்து இழுத்துப் போனார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1999-ல் இதையெல்லாம் விரிவாக அறிக்கையாக்கியது. மின் நிலையம் கட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம், 'லோக்கல் இஷ்யூ' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எங்கள் சைட்டுகளிலும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். ஒரு ஊரின் பிழைப்பைக் கேட்காமலே கைவைப்பதற்கு அது பெயரில்லை என்றுதான் எனக்கு எப்போதும் பட்டிருக்கிறது.

1999 மே மாதம் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. எந்திரம் நல்ல எந்திரம், அதில் சந்தேகமே இல்லை. கட்டிய தரமும் அப்படித்தான். அதனால்தான் 2001 ஜனவரி 28-ல் நடந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

அன்று மின் வாரியம் நிலையத்தை முழு லோடுக்கு ஏற்றச் சொன்னது. குளிர்ந்து கிடக்கும் நிலையத்தை மூன்று மணி நேரத்தில் முழு உற்பத்திக்குக் கொண்டுவர முடியும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முடியவில்லை. திறனைத் தவறாக அறிவித்தீர்கள் என்று சொல்லி வாரியம் 401 கோடி ரூபாய் அபராதம் கேட்டது. சண்டை அங்கிருந்துதான் முற்றியது.

வெளியே இருப்பவர்களுக்கு மூன்று மணி நேரம் தாராளமாகத் தெரியும். குளிர்ந்த நிலையத்தை ஏற்றும்போது கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு இறுக்கம் என்று புரியும். முதலில் ஜெனரேட்டரையே மோட்டாராக்கி ஷாஃப்டைச் சுழற்ற வேண்டும். எரிபொருளைத் திறப்பதற்கு முன் பல நிமிடங்கள் வெறும் காற்றை ஓட்டி, பின்னால் பாய்லர்வரை எங்காவது கேஸ் தேங்கியிருந்தால் துடைத்து வெளியேற்ற வேண்டும். அப்புறம்தான் தீ. ஃபிளேம் டிடெக்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் பச்சையாகும்வரை அறையில் ஒருத்தரும் பேசமாட்டார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று வந்ததும் கிரிட்டோடு சின்க் செய்ய வேண்டும், அதாவது மின் கட்டமைப்பின் தாளத்தோடு ஒத்துப்போகும்படி இணைக்க வேண்டும். இதுவரைக்கும் அரை மணி நேரத்தில் ஆகிவிடும். நேரம் தின்பது பின்னால் இருக்கும் நீராவிப் பக்கம். பாய்லர் டிரம்மின் சுவர் தடிமனான எஃகு, உள்பக்கம் சீக்கிரம் சூடாகி வெளிப்பக்கம் குளிர்ந்தே இருந்தால் விரிசல் விடும். ஸ்டீம் டர்பைனின் ரோட்டரும் அப்படித்தான், உலோகத்தின் சூட்டுக்கும் நீராவியின் சூட்டுக்கும் வித்தியாசம் அதிகமாகக் கூடாது. அதனால் கேஸ் டர்பைனைக் குறைந்த லோடில் பிடித்து வைத்துக்கொண்டு, இரும்பு பொறுமையாகச் சூடேறக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதன் ஆயுள் குறையும். இதில் ஏதாவது ஒரு வால்வு மக்கர் செய்தால் மூன்று மணி நேரம் நாலாகும், ஐந்தாகும்.

இரும்பின் குணம் தெரிந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படித்திருக்க மாட்டார்கள். எழுதியவர்கள் இரும்பு சூடேறக் காத்திருந்திருக்க மாட்டார்கள். வாரியத்துக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டது மின்சாரம் அல்ல, ஒப்பந்தத்திலிருந்து வெளியேற ஒரு வழி. 2001 மே மாத இறுதியில் வாரியம் மின்சாரம் வாங்குவதை நிறுத்தியது. 90 சதவீதத்துக்கு மேல் முடிந்திருந்த 1,444 மெகாவாட் இரண்டாம் கட்டம் அப்படியே நின்றது. டிசம்பர் 2-ம் தேதி அமெரிக்காவில் என்ரானே திவாலானது.

ஓடாத நிலையம் அப்படியே பத்திரமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. கடற்கரை என்றால் கேட்கவே வேண்டாம், உப்புக் காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். பாய்லர் குழாய்களுக்குள் நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ நிரப்பி வைக்க வேண்டும். ரோட்டர் ஒரே நிலையில் கிடந்தால் தன் எடைக்குத் தானே லேசாக வளைந்துவிடும், அதனால் அவ்வப்போது பாரிங் கியர் என்ற மெதுவாகச் சுழற்றும் பல்சக்கரத்தில் போட்டுத் திருப்ப வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் கேஸ் கிடைத்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கேஸ் அது. டெஸ்ட் பாஸ், கையெழுத்து, போட்டோ எல்லாம் முடிந்ததும் அன்றைக்கே நிறுத்தினோம். அப்புறம் எங்கள் வேலை அதைத் தூங்க வைத்துக் காவல் காப்பது. புத்தம் புது எந்திரத்தின் ரோட்டரை உற்பத்திக்காக அல்லாமல் வளையாமல் இருப்பதற்காகத் திருப்பிக்கொண்டிருப்பது, கமிஷனிங் ஆட்களுக்குச் சாவு வீட்டு வேலை மாதிரி. டீக்கடைக்குப் போனால் ஊர்க்காரர்கள் "என்ன சார், எப்ப ஓடும்?" என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது.

ஒரு நிலையம் உருவாவதற்குள் என்ன உழைப்பு போகிறது என்று தெரிந்தால்தான் இந்த வருத்தம் புரியும். ஸ்டீம் புளோ என்று ஒரு கட்டம் உண்டு. புதிய நீராவிக் குழாய்களுக்குள் வெல்டிங் துகள், துரு, மணல் என்று என்னவெல்லாமோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு துணுக்கு டர்பைனுக்குள் போனால்கூட பிளேடு காலி. அதனால் தற்காலிகக் குழாய் போட்டு, நீராவியை முழு வேகத்தில் வெளியே ஊதித் தள்ளுவோம். சத்தம் பல கிலோமீட்டர் கேட்கும், சுற்று ஊர்களில் ஆட்டோவில் மைக் கட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ஊதுகிற பாதையில் கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தேய்த்த உலோகத் தகடு ஒன்றை வைப்போம், டார்கெட் பிளேட். ஊதி முடித்ததும் அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். முதல் தகடு அம்மைத் தழும்பாக இருக்கும். ஊத ஊதத் தழும்பு குறையும். எண்ணி விரல் விடும் அளவுக்குப் புள்ளிகள் வந்து, வாடிக்கையாளரின் என்ஜினியர் லென்ஸ் வைத்துப் பார்த்துத் தலையாட்டும்வரை ராப்பகலாக இதுவே வேலை.

இதே சுத்தம் செய்யும் வேலையை கேஸ் குழாயில் கேஸையே வைத்து ஊதிச் செய்யும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 2010 பிப்ரவரி 7-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் ஊரில் முடியும் தறுவாயில் இருந்த 620 மெகாவாட் நிலையத்தில் அப்படி ஊதிய கேஸ் கட்டடங்களுக்கு நடுவே தேங்கித் தீப்பிடித்தது. ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். எரியாத காற்றோ நைட்ரஜனோ வைத்து அதே வேலையைச் செய்திருக்கலாம். அந்த விபத்துக்குப் பிறகு எந்த சைட்டிலாவது யாராவது கேஸ் புளோ என்று வாயெடுத்தாலே எனக்குக் கோபம் வரும். அந்த ஆறு பேரும் எங்களை மாதிரியே கடைசிக் கட்டத்து ஆட்கள்.

தாபோலுக்கு வருவோம். 2005 ஜூலையில் அரசு நிறுவனங்களான என்டிபிசி, கெயில், கூடவே வங்கிகள் எல்லாம் சேர்ந்து ரத்னகிரி கேஸ் அண்ட் பவர் என்ற புதிய நிறுவனத்தை அமைத்து நிலையத்தை எடுத்துக்கொண்டன. தூங்கிக் கிடந்த எந்திரங்களை எழுப்பியவர்கள் நம் ஆட்கள். அந்த வேலையின் அருமை வெளியே தெரியவில்லை, செய்திகளில் என்ரான்தான் ஓடியது. 2006-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. பக்கத்திலேயே கட்டிய திரவ எரிவாயு முனையம் வேலைக்கு வரவே 2013 ஆகிவிட்டது. அதிலும் ஒரு குறை. கடல் அலையைத் தடுக்கும் அலைதடுப்புச் சுவர் முடியவில்லை. கொங்கண் கரையில் தென்மேற்குப் பருவமழை எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பல வருடங்களுக்கு மழைக்காலம் முழுக்க அங்கே கப்பல் வர முடியாமல் இருந்தது. இவ்வளவு பெரிய நிலையம், பக்கத்திலேயே இவ்வளவு பெரிய முனையம், நடுவில் இல்லாமல் போனது கொஞ்சம் கல்லும் கான்கிரீட்டும்.

இதற்கிடையில் எல்லோரும் நம்பியது கிருஷ்ணா-கோதாவரிப் படுகையை. 2009 ஏப்ரலில் அங்கே டி6 என்ற கடல் எரிவாயு வயலிலிருந்து கேஸ் வர ஆரம்பித்ததும் நாடே கொண்டாடியது. ஒரு நாளைக்கு 10 லட்சம் கனமீட்டர் கேஸ் இருந்தால் தோராயமாக 200 மெகாவாட் நிலையத்தை ஓட்டலாம். நாளொன்றுக்கு 8 கோடி கனமீட்டர் வரும் என்ற கணக்கை நம்பி ஆந்திரக் கடலோரத்தில் நிலையம்மேல் நிலையமாகக் கட்டினார்கள். உற்பத்தி 6 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. கிடைத்த கொஞ்சத்திலும் உரத் தொழிற்சாலைக்கு முன்னுரிமை. 2013-ல் மின் நிலையங்களுக்கு டி6 கேஸ் அடியோடு நின்றது. ரத்னகிரியும் நின்றது. பிறகு 2015 கடைசியில் ரயில்வேக்குச் சுமார் 500 மெகாவாட் கொடுப்பதாக ஏற்பாடு செய்து, கால்வாசியை மட்டும் ஓட்டிப் பிழைத்தது.

நம் காவிரிப் படுகையில் வேறு மாதிரி யோசித்தார்கள். திருமாக்கோட்டை பக்கம் கோவில்களப்பால், குத்தாலம், ராமநாதபுரத்தில் வழுதூர். எல்லாம் 100 மெகாவாட், 200 மெகாவாட் அளவில் சின்ன நிலையங்கள். ஓஎன்ஜிசி கிணறுகளுக்குப் பக்கத்தில், கிணறு எவ்வளவு தருமோ அந்த அளவுக்கு எந்திரம் வாங்கினார்கள். அங்கேயும் கிணறு வற்ற வற்ற உற்பத்தி குறைந்தது உண்மை. டெல்டா விவசாயிகளின் எதிர்ப்பு தனிக் கதை, நியாயமான கதை. இருந்தாலும் கேஸைப் பார்த்துவிட்டு எந்திரம் வாங்குவது என்ற வரிசை சரியான வரிசை.

இது இந்தியாவின் தலைவிதி மட்டும் இல்லை. எகிப்தில் சீமென்ஸ் மூன்று ராட்சத நிலையங்களை, ஒவ்வொன்றும் 4,800 மெகாவாட், 2018-க்குள் கட்டி முடித்தது. அந்த வேகம் எங்கள் தொழிலில் இன்றைக்கும் பேசப்படும் சாதனை. 2015-ல் கண்டுபிடித்த ஸோர் கடல் வயலின் கேஸ் இருக்கிறதே என்ற தைரியம் நாட்டுக்கு இருந்தது. வயலின் உற்பத்தி இறங்கியது, 2023, 2024 கோடையில் தினமும் மணிக்கணக்கில் கரன்ட் கட். பாகிஸ்தான் பஞ்சாபில் திரவ எரிவாயுவை நம்பி 1,200 மெகாவாட் நிலையங்களாகக் கட்டினார்கள், திறனில் உலகத் தரம். உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா காசை வீசி எல்லாக் கப்பலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2022 ஜூலையில் பத்துக் கப்பல் கேஸுக்கு பாகிஸ்தான் விட்ட டெண்டரில் விலை கொடுக்கக்கூட ஒருவர் வரவில்லை. விலைக் கணக்கும் கொடூரமானது. கேஸை அதன் வெப்ப அளவில், மில்லியன் பிடியூ கணக்கில்தான் விற்பார்கள்; அந்த விலை ஒரு மில்லியன் பிடியூவுக்கு 10 டாலர் ஏறினால், நல்ல கம்பைன்ட் சைக்கிள் நிலையத்தில்கூட யூனிட்டுக்குச் சுமார் 6 ரூபாய் ஏறும்.

எரிவாயு நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரிய மின்சாரம் பெருகப் பெருக, சாயங்காலம் ஆறு மணிக்கு அது சரிந்து விழும்போது ஈடுகட்ட வேகமாக ஏறி இறங்கும் நிலையங்கள் தேவைப்படுகின்றன. நீர்மின்சாரமும் பேட்டரியும் அதைச் செய்யும், கேஸும் செய்யும். 2024 கோடையில் தேவை உச்சத்துக்குப் போனபோது, சும்மா கிடந்த கேஸ் நிலையங்களை மே, ஜூன் மாதங்களில் தயாராக வைத்திருக்கச் சொல்லி மத்திய அரசே உத்தரவு போட்டது. தூங்க வைத்துக் காவல் காத்தவர்களின் உழைப்பு அன்றைக்கு வீண்போகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் வருடத்தில் சில நூறு மணி நேரம் ஓடுவதற்கு ஏற்ற ஒப்பந்தம் வேறு, ராப்பகலாக ஓடும் என்று இருபது வருடத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் வேறு. இப்போது டேட்டா சென்டர்களுக்காக உலகம் முழுக்க டர்பைனுக்கு அடிதடி, ஆர்டர் கொடுத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த அவசரத்தில் பழையபடி கேஸ் தாளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

தாபோல் காலத்தில் ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. 1998 சட்டத்துக்குப் பிறகு ஒழுங்குமுறை ஆணையங்கள் வந்தன. வாரியம் ஒரு நிலையத்தோடு ஒப்பந்தம் போட ஆணையத்தின் அனுமதி வேண்டும், மனு ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும், கட்டண விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் போய்க் கேள்வி கேட்கலாம். அதில் எந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டும் என்பதற்கும் ரத்னகிரிதான் வழிகாட்டி. உள்நாட்டு கேஸ் நின்றபோது, விலை அதிகமான இறக்குமதி கேஸில் ஓட்டத் தயார் என்று அந்த நிலையம் அறிவித்தது. அந்த விலைக்கு மின்சாரம் எங்களுக்கு வேண்டாம், நிலைக்கட்டணமும் தரமாட்டோம் என்றது மகாராஷ்டிர மின் விநியோக நிறுவனம். மத்திய ஆணையம் 2013-ல் நிலையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2023 நவம்பரில், நிலைக்கட்டணம் தந்தாக வேண்டும் என்றே முடிந்தது. பத்து வருட வழக்கு, எரிபொருள் பற்றி ஒப்பந்தத்தில் இருந்த சில வரிகளின் மேல். அடுத்த தடவை உங்கள் மாநிலத்தில் ஒரு பெரிய கேஸ் நிலையத்துக்கான மனு விசாரணைக்கு வந்தால், மெகாவாட்டையும் திறன் சதவீதத்தையும் விட்டுவிட்டு எரிபொருள் ஷரத்துக்கு நேராகப் போங்கள். கேஸ் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, எந்த நாணயத்தில், அது வராத மாதத்தில் நிலைக்கட்டணம் யார் தலையில் என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் விசாரணை அன்றே எழுந்து நின்று கேளுங்கள், பதிவாகட்டும்.